மிச்ச நாற்று

சவரியம்மாள் வந்தால் ஆளுக்கு முன்னால் குரல் வரும். அன்றைக்கும் அப்படித்தான். மார்கழிப் பனி வேலிக்கருவை மேலிருந்து இன்னும் இறங்கவில்லை. ராசம்மாள் அடுப்பு முன் குந்தி நேற்றைய குழம்பைச் சுண்ட வைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் செம்மொழி, பண்ணை வேலைக்குக் கிளம்ப அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏ ராசம்மா, கதவைத் திற... திறந்துதான் கிடக்கா? சேதி தெரியுமாடி உனக்கு? என் உப்பு மூலை கதிர் நீட்டிருச்சு!"

"எந்த மூலைக்கா?"

"ஒரு மா நிலத்துக்காரிக்கு எத்தனை மூலை இருக்கும்? கஜா புயல்ல கடல்தண்ணி ஏறி நின்னுச்சே, அந்த மூலைதான்."

உள்ளே வந்து ராசம்மாளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. புருஷன் போன பிறகு தனி ஆளாக, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான அந்த ஒரு மா நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவள். கையிலிருந்த தாமரை இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அதிராம்பட்டினத்துப் பொடி இறால்.

"இது எதுக்குக்கா?"

"நட்ட கைக்கு. ஏழு வருசமா வெள்ளைப் பூத்துக் கிடந்த எடம்டி அது. எரு கொட்டினேன், ஜிப்சம் போட்டேன், நாலு தடவை தண்ணி கட்டிக் கழுவி விட்டேன். ஒரு தூர் நின்னிருக்குமா? இப்பப் போய்ப் பாரு, கருகருன்னு நிக்குது. மத்ததெல்லாம் இன்னும் தொண்டைக் கதிர்ல இருக்கு, இது மட்டும் அவசரக்காரியாட்டம் தலையை நீட்டிக்கிட்டு நிக்குது."

"உன்னைய மாதிரிதான்" என்றாள் ராசம்மாள். சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை.

"முதக் கதிரைப் பொங்கல் பூசையில வச்சுச் சாமியார்ட்ட மந்திரிக்கக் குடுக்கணும். மிச்சத்தைத் தனியா அறுத்து, தனியா அடிச்சு, வெதைக்கு வச்சிரப் போறேன். உப்புல நின்ன நெல்லு. வர்ற சம்பாவுக்கு உனக்கு ஒரு மரக்கா, பக்கத்து வயலு சுமையா வீட்டுக்கு ஒரு மரக்கா. வெதை டிப்போ வாசல்ல இனி எவ நிப்பா?"

செம்மொழியின் விரல்கள் பின்னலில் நின்றுபோயின. கண்ணாடிக்குள் அம்மாவின் முதுகு தெரிந்தது. அந்த முதுகு திரும்பவில்லை. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகும் அம்மா கரண்டியை எடுக்கவில்லை.

"என்ன ஆயி, வாயைத் தொறக்காம நிக்கிறே? மகாராணி வேலைக்குக் கிளம்பியாச்சா?" என்று சவரியம்மாள் அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"கிளம்பிட்டேன் பெரியம்மா" என்றாள் செம்மொழி. சாப்பிடாமல் கிளம்பினாள்.

பண்ணை ஊருக்கு மேற்கே இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கம்பி வேலி போட்டு, அதற்குள் இன்னொரு வேலி போட்டு, எச்சரிக்கைப் பலகை நட்டு நெல் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். விவசாய டிப்ளமோ படித்த செம்மொழிக்கு அங்கே கள உதவியாளர் வேலை கிடைத்தது. அவள் அப்பனும் தாத்தனும் கூலிக்கு மட்டுமே இறங்கிய வயல்காட்டில், அவள் ரிஜிஸ்தரைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள். ராசம்மாளுக்கு அதில் இருந்த பெருமையை அவள் நடையிலேயே பார்க்கலாம்.

அங்கே நின்றது கடலோரச் சதுப்புக் காட்டு அலையாத்தி மரத்தின் குணம் ஏற்றிய நெல். "உப்புத் தண்ணியிலே நின்னும் சாகாம இருக்க அலையாத்திக்குள்ளே ஒரு குறிப்பு இருக்கு. அந்த ஒரு குறிப்பை மட்டும் எடுத்து நெல்லுக்குள்ளே வச்சிருக்கோம்" என்று பண்ணை விஞ்ஞானி வானதி மேடம் நடவுப் பெண்களுக்கு எளிமையாகச் சொன்னார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "மாப்பிள்ளை காட்டுக்காரன், பொண்ணு வயக்காட்டுக்காரி. புள்ளை யாரு சாடைங்க மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் விதிகளில் சிரிப்பு கிடையாது. பரிசோதனை முடியவில்லை. முடிகிற வரைக்கும் ஒரு நெல், ஒரு நாற்று, காலில் ஒட்டிய சேறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. வெளியே வரும்போது தொட்டியில் கால் கழுவ வேண்டும். "கோயிலுக்குப் போறப்பக்கூட இத்தனை தடவை கழுவினதில்லே" என்று ராசம்மாள் தினமும் சொல்வாள், தினமும் கழுவுவாள். அவள்தான் பதினோரு பெண்கள் கொண்ட அந்த நடவுக் கூட்டத்துக்குத் தலை. வெளியே போகிற ஒவ்வொருத்தியின் கூடையையும் இறக்கச் சொல்லிப் பார்ப்பது செம்மொழியின் பொறுப்பு. கூட்டம் அவளுக்கு அந்தச் சங்கடத்தைக் கொடுத்ததில்லை. கூடையைத் தலையிலிருந்து எடுத்துத் தாங்களாகவே சாய்த்துக் காட்டிவிட்டுப் போவார்கள்.

ஐப்பசியில் நடவின் கடைசி நாள். காலையிலேயே செம்மொழி சொல்லியிருந்தாள், மிஞ்சுகிற நாற்றை எல்லாம் குழியில் போட்டு மூட வேண்டும் என்று.

"உசுரோடயா?" என்று கேட்டாள் ஒரு பெண்.

யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நடவு முடிந்ததும் மிஞ்சிய நாற்றுக் கட்டுகளை, அந்த முடிகளை, வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு வருவார்கள். யார் வயலில் நாற்று அழுகிச் சந்து விழுந்திருக்கிறதோ அவர்கள் எடுத்துக்கொண்டு போய் ஊன்றிக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை. பகையாளி வயல் முடியாக இருந்தாலும் எடுக்கலாம். எடுப்பது திருட்டு இல்லை. பச்சை நாற்றைக் காய விடுவதைத்தான் பாவம் என்பார்கள்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வெட்டி வைத்த குழியில் தண்ணீர் நிரம்பிவிட்டது. காவலாளி கொட்டகைக்குள் ஒதுங்கினார். பெண்கள் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். செம்மொழி வாசல் தகரத்தின் கீழே நின்றிருந்தபோது, குழிக்குப் பக்கத்தில் குவித்திருந்த முடிகளில் சிலதை அம்மா கூடையில் அடுக்குவதைப் பார்த்தாள். மேலே மழைக் காகிதத்தைப் போட்டாள். தலையில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் பெண்கள் இருந்தார்கள்.

'கூடையை இறக்கு' என்ற வார்த்தை செம்மொழியின் தொண்டை வரை வந்தது.

அம்மா அவளிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். தனக்குப் பன்னிரண்டு வயதில் களத்தில் கருது தூக்கிய நாள். பண்ணையாரின் காரியக்காரர் கூலியாட்களை வரிசையாக நிற்க வைத்து, நெல் ஒளித்திருக்கிறார்களா என்று பார்க்க மடியை உதறச் சொன்னாராம். "எம் மடியில ஒண்ணுமில்லே. ஆனா உதறினேன். எங்கம்மாவும் உதறுச்சு. நான் பாக்குறேன்னு தெரிஞ்சே உதறுச்சு." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

செம்மொழி மழை பக்கம் திரும்பிக்கொண்டாள். கூடை அவளைத் தாண்டிப் போனது. ரிஜிஸ்தரில், மீதி நாற்று என்ற கட்டத்துக்கு எதிரே, 'குழியிலிட்டுப் புதைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாட்டுக்குப் போடக் கொண்டுபோகிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் மாடு இல்லை.

சவரியம்மாள் கதிர்ச் சேதி சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செம்மொழி சவரியம்மாள் வயலுக்கு வந்தாள். வரப்போரம் உப்பு வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. அதற்கு நடுவே ஒரு வீட்டு அறை அகலத்துக்கு அந்த நெல் நின்றது. சுற்றிலும் நின்ற பயிரைவிட ஒரு சாண் குட்டை. பச்சை அடர்த்தி. இலை நுனியில் ஒரு கருகல்கூட இல்லை. கதிர்கள் பாதி வெளியே வந்திருந்தன.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அதை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். முதலில் வந்தது சந்தோஷம்தான். நிற்கிறது. வேலி இல்லாத, மேடம் இல்லாத, அளந்து விட்ட உப்பு இல்லாத நிஜமான வயலில் நிற்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுகொண்ட பிறகுதான் அவளுக்கு உடம்பு கூசியது.

அம்மா அங்கேயே இருந்தாள். வாய்க்கால் கரையில், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு. மகள் வருவாள் என்று தெரிந்து காத்திருந்த மாதிரி.

"எத்தனை முடிம்மா?"

"எட்டு."

"எட்டும் இங்கதானா? வேற எங்கயாச்சும்?"

"எட்டும் இங்கதான். நான் என்னா ஊரு பூராவுமா பந்தி வச்சேன்?"

"பெரியம்மாட்ட என்னன்னு சொன்னே?"

ராசம்மாள் காலைத் தண்ணீரில் அளைந்தாள். "நம்ம ஊரு நிலக்காரர் பெரியநாயகசாமி வயல்ல மிஞ்சினதுன்னு சொன்னேன்."

"அப்ப தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சிருக்கே."

"தெரியாமலா மழைக் காயிதம் போட்டு மூடினேன்? நீ பாத்தே. நீ பாத்ததை நானும் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இறக்கி வச்சிருப்பேன்."

"எப்படிச் சொல்லுவேன்? அத்தனை பேரு முன்னாடி உன் கூடையை இறக்கச் சொல்லவா?"

ராசம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஏதோ மாறியது.

"அதுக்கா சொல்லாம விட்டே?"

"வேற எதுக்கு?"

"நான் வேற மாதிரியில்ல நெனச்சேன். நீ சரின்னுதான் திரும்பிக்கிட்டேன்னு நெனச்சேன். அதுக்கு முந்தின நாளு சோறு திங்கறப்ப நீதானே சொன்னே, இந்த நாத்தைச் சவரி பெரியம்மா மூலையில வச்சாக்கூட நிக்கும்மான்னு. நீ சொல்லலேன்னா அந்த மூலை எனக்கு எங்க ஞாபகம் வரும்?"

செம்மொழி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னாள்தான். கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சொல்லும்போது அம்மாவின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். இரண்டு மாதமாக, அம்மாவின் மானத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று தன்னிடம் சொல்லி வந்திருக்கிறாள். அது பாதிதான் உண்மை. மறுபாதி இந்த உப்பு மூலை. சொல்லியும் சொல்லாத மாதிரி அம்மாவின் காதில் போட்டுவிட்டு, கை நனையாமல் நின்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். அம்மாவின் பழைய அவமானத்தை எடுத்துத் தன் ஆசைக்குப் போர்வையாகப் போட்டிருக்கிறாள்.

"ஒண்ணு செய்வமா?" ராசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "விடியறதுக்குள்ள வந்து நாம ரெண்டு பேருமா அதை மட்டும் அரிஞ்சு போட்டுருவோம். எலி வெட்டிருச்சுன்னு நெனச்சுக்குவா. இந்த வருசம் எலி ஜாஸ்திதான்."

செம்மொழியின் மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எலி அடித்தண்டைச் சாய்வாக வெட்டும். நுனியைக் குதறிப் போட்டால் போதும். இரண்டு இடத்தில் வளை தோண்டிய மாதிரி மண்ணைக் கிளறிவிடலாம். எவ்வளவு சுத்தமாகத் தோன்றுகிறது என்று பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

"வேண்டாம்மா" என்று அவள் சொன்னபோது வரப்பில் ஆள் வரும் சத்தம் கேட்டது.

சவரியம்மாள்தான். தோளில் இரண்டு மூங்கில் குச்சி, கையில் பழைய கேசட் நாடாச் சுருள். "ஆத்தாளும் மகளும் இங்கயா இருக்கீங்க? கண்ணு வைக்காதீங்கடி. குருவி வேற கண்ணு வச்சாச்சு. ஊருக்கு முந்தி கதிரு வந்தா அத்தனை குருவியும் இங்கதானே விருந்துக்கு வரும்." குச்சியை ஊன்றி நாடாவைக் கட்ட ஆரம்பித்தாள். நாடா காற்றில் விர்ரென்று இரைந்தது.

"பெரியம்மா, இந்த நாத்து பெரியநாயகசாமி வயல்ல மிஞ்சினது இல்லே."

"பின்னே?"

"எங்க பண்ணைது. புதைக்கச் சொன்ன நாத்து. அம்மா எடுத்துட்டு வந்துச்சு. நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

சவரியம்மாளின் கை முடிச்சில் நின்றது. ராசம்மாளைப் பார்த்தாள்.

"ஏண்டி, நான் அந்த மனுசனைக் கோயில் வாசல்ல நிறுத்தி, உங்க நாத்தாலதான் என் மூலை பொழைச்சுதுன்னு நன்றி வேற சொன்னேன். அந்தாளும் பெரிய இவராட்டம் தலையை ஆட்டிக்கிட்டாரே!"

ராசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சவரியம்மாள் ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்தாள்.

"அலையாத்தி நெல்லா இது?"

"ஆமாம் பெரியம்மா."

"தின்னா செத்துருவமா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் தெரியலே. இதுவரைக்கும் பாத்ததுல கெடுதல் இல்லே. முழுக்கப் பாத்து முடிக்கலே."

"அப்ப உன் வேலிக்குள்ள நின்னா நல்ல நெல்லு, என் வயல்ல நின்னா கெட்ட நெல்லா?"

"நெல்லு ஒண்ணுதான்."

"அப்புறம் என்னாதாண்டி தப்பு?"

செம்மொழிக்கு மேடம் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. எதுவும் இந்த வரப்பில் நிற்கவில்லை.

"உங்களைக் கேக்காம உங்க மண்ணுல நட்டோம்" என்றாள்.

சவரியம்மாள் நாடாவை விட்டுவிட்டு அவள் அருகே வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சரி, கேளு. இப்பக் கேளு. நான் சரிங்கிறேன். உன் வேலையும் போவாது, என் பயிரும் போவாது. நான் யாருட்டயும் சொல்லலே. பொத்திக்கிட்டுப் போங்க ரெண்டு பேரும்."

அதைவிடப் பெரிய உதவியை அன்றைக்கு யாரும் அவளுக்குச் செய்திருக்க முடியாது. செம்மொழி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளத்தான் நினைத்தாள். வாய்க்காலுக்கு அடுத்த வரப்பில் சுமையா வீட்டு வயல் பச்சையாகக் கிடந்தது.

"பூ திறக்குற நேரம் பெரியம்மா. பூத்தூளைக் காத்து எடுத்துட்டுப் போயிரும். சுமையாக்கா வயலு பக்கத்துலயே இருக்கு. அவங்களை யாரு கேக்குறது? நீங்க வெதை குடுக்கற வீட்டையெல்லாம் யாரு கேக்குறது?"

"என்னா செய்வாங்க, சொன்னா?"

"இதைச் சுத்திப் பத்து மீட்டருக்குப் பிடுங்கணும்."

"பத்து மீட்டர்னா பாதி வயலு!"

"மீதியை அறுக்கலாம். அரைச்சுக்கலாம். வெதைக்கு வைக்கக் கூடாது. பயிருக்கு ஈடு குடுப்பாங்க."

"பதினாலு வருசமா என் வீட்டு வெதை" என்றாள் சவரியம்மாள். அழவில்லை. கட்டிய நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். ராசம்மாள் உதவிக்கு எழுந்தாள். "தொடாதே" என்றாள், திரும்பாமலே. குச்சிகளைத் தோளில் வைத்துக்கொண்டு நாலடி நடந்த பிறகு நின்றாள்.

"போயிச் சொல்லு. இன்னைக்கே போ. நாளைக்குன்னா நானே உன்னைய விடமாட்டேன்."

வானதி மேடம் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படுவார் என்று செம்மொழி எதிர்பார்த்தாள். அவர் சோர்ந்து போனவராகத் தெரிந்தார். மூன்று வருஷ வேலை, இனி யார் நம்புவார்கள் என்பதுதான் அவர் முகத்தில் இருந்தது.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது செம்மொழி."

"ஆமாம் மேடம்."

"இப்போ மேலே எழுதாம என்னால இருக்க முடியாது. உங்க அம்மா பேரு வேணாம். பொறுப்பு உங்களோடது."

"புதைச்சதா எழுதினதும் நான்தான் மேடம்."

ரிஜிஸ்தரைத் திறந்து கொடுத்தார். செம்மொழி பழைய வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, எட்டு முடி வெளியே போனது, பார்த்தேன், தடுக்கவில்லை என்று எழுதினாள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேடம் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மறு உத்தரவு வரும்வரை வர வேண்டாம் என்றார். நாளை பிடுங்குகிற வேலைக்கு மட்டும் வந்தாக வேண்டும் என்றார்.

பிடுங்க வந்தது ராசம்மாளின் கூட்டம்தான். நட்ட கைகள்தான் பிடுங்கவும் தெரிந்தவை. விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் ராசம்மாளைக் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். வாடைக்காற்று கடல் பக்கமிருந்து ஈரத்தோடு வந்தது. நடவு நாளில் வாய் ஓயாத பெண்கள், இடுப்புக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு பேசாமல் இறங்கினார்கள்.

கதிர் நீட்டிய பயிர் நாற்று மாதிரி வராது. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு கையாலும் பற்றி, முட்டியை ஊன்றி இழுக்க வேண்டும். மளுக்கென்று சத்தம் வரும். செம்மொழியும் சேற்றில் இறங்கியிருந்தாள். இலை அரம் மாதிரி உள்ளங்கையை அறுத்தது. பக்கத்தில் அம்மா பிடுங்கிய பயிரை, நாற்றங்கால் பழக்கத்தில், காலில் தட்டி வேர்மண்ணை உதறி, ஒரு தாளை உருவி முடியாகக் கட்டி வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். ஆறேழு முடி கட்டிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. நின்றாள். திரும்பிப் போய் ஒவ்வொரு முடியாக அவிழ்த்தாள்.

சவரியம்மாள் வயலுக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தார்கள். பத்து மணிக்குத் தூக்குவாளியில் டீயோடு வந்தாள். வயலில் ஆள் இறங்கினால் டீ கொடுக்க வேண்டியது நிலத்துக்காரி முறை. நட்டாலும் பிடுங்கினாலும். ஒவ்வொருத்திக்கும் ஊற்றினாள். ராசம்மாளுக்கு ஊற்றும்போது, "சர்க்கரை கம்மி. உனக்கு அது போதும்" என்றாள். சில பெண்கள் சிரித்துவிட்டார்கள். ராசம்மாள் கிளாசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

செம்மொழியிடம் வந்தபோது சவரியம்மாள் பண்ணை ஆட்கள் வெட்டிய குழியைப் பார்த்தாள். பச்சைக் கதிர்கள் தலைகீழாகக் கிடந்தன.

"கடைசியில ஒருநாளு இது வெளிய வருமா?"

"தெரியலே பெரியம்மா. வரலாம். வராமலும் போகலாம்."

"வந்தா வரட்டும். ஆனா சொல்லிட்டுக் குடு. வேணுமா வேணாமான்னு நான் சொல்லணும்." டீயை ஊற்றினாள். "குடி. ஆறுது."

குழி மூடுகிற வரை செம்மொழி நகரவில்லை. கடைசித் தட்டு மண் விழ இன்னும் கொஞ்சம் இருந்தது. பெண்கள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வானதி மேடம் பண்ணை ஆட்களோடு வரப்பில் நின்றார். யாரும் யாரையும் கூடையை இறக்கச் சொல்லவில்லை.

ராசம்மாள் முதல் ஆளாக வந்தாள். மகளுக்கு எதிரே நின்று, தலையிலிருந்த கூடையை இறக்கி, கவிழ்த்துக் காட்டினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கொசுவத்தை இழுத்து, மடியை விரித்து, உதறினாள்.

"பாத்துக்க" என்றாள்.

வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது. ஈரப் புடவையில் பால் பிடிக்காத பச்சை நெல் மூன்று ஒட்டியிருந்தது. செம்மொழி இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. குனிந்து, அம்மாவின் மடியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, குழிக்குள் போட்டாள்.